ஒற்றைத் தும்மல்

சங்கரன்கோவில் ரத வீதியில் நின்று 'எப்சி பியூட்டி பார்லர்' எங்கே என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். காட்டிவிட்டு, "அந்தத் தும்முத அக்கா கடைதானே?" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்வார்கள். ஒருத்திக்குப் பேர் வைக்க ஊர் கிளம்பிவிட்டால், அவள் இத்தனை வருஷம் பார்த்த வேலையையா பார்க்கும்? மூக்கைத்தான் பார்க்கும்.

எப்சிபாவுக்கு நாற்பது நெருங்குகிறது. வாசுதேவநல்லூரில் பிறந்தவள், விஜயராஜைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தாள். அவனுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை. இவள் ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் போய்வந்து அழகுக்கலை படித்தாள். பிறகு ஒரு மாடி அறையில் ஒரு நாற்காலியையும் ஒரு கண்ணாடியையும் போட்டுக் கடை திறந்தாள். புருவம் திருத்துவதில் அவளை அடித்துக்கொள்ள இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்சத்தை விரல்களில் முறுக்கி இழுப்பாள். வலிக்கப் போகிறது என்று நினைப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். நூலைக் கழுத்தில் கட்டிக்கொண்டு செய்கிறவர்களும் உண்டு, ஆனால் இவளுக்குப் பல்தான் பழக்கம். பல்லில் நூல் இருக்கும்போது வாயைத் திறக்க முடியாது, மூச்சு மூக்கு வழியாகத்தான் வந்து போக வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, குழாய்த் தண்ணீரில் முகம் கழுவியவளுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. ஏதோ சளி என்றுதான் நினைத்தாள். அன்றைக்குப் பிடித்தது விடவில்லை. வெயிலிலிருந்து ஏசி அறைக்குள் நுழைந்தால் தும்மல், ஹேர் ஸ்பிரே அடித்தால் தும்மல், பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் தும்மல். ஊதுபத்தி, செண்ட், தலைச்சாயம் எது வந்தாலும் மூக்கு ஒரு ஆட்டம் ஆடித்தான் ஓயும். ஆரம்பித்தால் பத்துப் பன்னிரண்டுக்குக் குறையாது. அது முடிந்ததும் குழாயைத் திறந்துவிட்டதுபோல் தண்ணீர் கொட்டும், பிறகு இரண்டு துவாரமும் இறுக அடைத்துக்கொள்ளும்.

ஊரில் வைத்தியருக்கா பஞ்சம்? தலைக்குக் குளிக்காதே என்றார்கள். தயிர், வாழைப்பழம், எலுமிச்சம்பழச் சாதம் எல்லாம் குளிர்ச்சி, தொடாதே என்றார்கள். பூவின் தூள்தான் காரணம் என்று ஒருத்தி சொன்னாள், அன்றோடு எப்சிபா பூ வைப்பதை விட்டாள். பூனை முடிதான் காரணம் என்று இன்னொருத்தி சொன்னாள். மகன் லிங்கேஷ் அழ அழ, வீட்டுப் பூனை சிவகிரியில் இருக்கும் அவன் அத்தை வீட்டுக்குப் போனது. தினமும் ராத்திரி கொதிக்கிற தண்ணீரில் தைலத்தை ஊற்றிப் போர்வைக்குள் தலையை விட்டு ஆவி பிடித்தாள். அந்தத் தைலத்தின் நெடியே அவளுக்கு ஆகாது என்பது அப்போது யாருக்குத் தெரியும்? தெரியாமல் தன் மூக்குக்குத் தானே தீ வைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

கடைசியில் மருந்துக் கடையில் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார்கள். மூக்கில் விடும் சொட்டு மருந்து. இரண்டு சொட்டு விட்டதும் மூக்கு பட்டென்று திறந்தது. நீண்ட நாள் கழித்து நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தவள், "ஏங்க, இது மருந்தில்ல, அற்புதம்!" என்று விஜயராஜின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள். முதலில் காலையில் மட்டும் விட்டாள். பிறகு காலையும் மாலையும். போகப் போக வாடிக்கையாளர் படியேறும் சத்தம் கேட்டாலே கை பாட்டிலைத் தேடியது. தலையணைக்கு அடியில் ஒன்று, கைப்பையில் ஒன்று, கடை மேஜையில் ஒன்று என்று வைத்துக்கொண்டாள். பாட்டில் இல்லாமல் கோவில்பட்டிக்குக்கூடப் போகமாட்டாள். சொட்டு விட்டால் திறக்கும், கொஞ்ச நேரத்தில் முன்னைவிட இறுக்கமாக அடைக்கும், திரும்ப விட வேண்டும். விட்ட கையோடு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அதை யாரிடமும் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வாள்? கொரோனாவுக்குப் பிறகு தும்முகிறவளை ஊர் பார்க்கிற பார்வையே வேறு. போதாததற்கு அவளுக்குச் சோறு போடுவது மணப்பெண் அலங்காரம். முகூர்த்த வீட்டில் தும்மினால் வாயில் சொல்லாமல் முகத்தைச் சுளிப்பார்கள். போன ஆவணியில் ஒரு நிச்சயதார்த்த வீட்டில் சொட்டையும் மீறித் தும்மல் வரிசை கட்டிக்கொண்டு வந்துவிட்டது. பெண்ணின் சித்தி, "எந்திச்சு வெளிய போயிட்டு வாங்க" என்றாள். அத்தோடு அந்தக் கல்யாணம் கை நழுவியது, அதைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டார் புதிதாக வந்த பார்லருக்குப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினாள். காது மூக்கு தொண்டை டாக்டர் நூருல் ஹுதா அவளுடைய முன்கையில் வரிசையாகக் குத்திப் பரிசோதனை செய்தார், ரத்தமும் எடுத்தார். எல்லாவற்றிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது.

"அலர்ஜி இல்லம்மா உங்களுக்கு. பூவும் ஒண்ணும் செய்யல, பூனையும் ஒண்ணும் செய்யல" என்றார் டாக்டர்.

எப்சிபாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ நான் என்ன, பொய்யாவா தும்முதேன் டாக்டர்?"

"யாரு சொன்னா பொய்னு? நோய் இருக்கு. ஆனா அது அலர்ஜி இல்ல. உங்க மூக்குக்குள்ள இருக்க நரம்பு, ரத்தக் குழாய் எல்லாம் சட்டுனு உணர்ச்சிவசப்படுது. புகை, நெடி, குளிர்காத்து, காரம், இதுல எது பட்டாலும் வீங்கும், தண்ணி விடும். அடியோட ஒழிக்கிற மருந்து கிடையாது. ஆனா அடக்கி வச்சுக்கலாம்."

அவ்வளவும் சொன்ன டாக்டர், மேஜைமேல் எப்சிபா வைத்திருந்த பாட்டிலை எடுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இதை எத்தனை நாளா விடுதீங்க?"

"நாளா? வருசக் கணக்கா..."

"நாலஞ்சு நாளைக்கு மேல விடக்கூடாத மருந்தும்மா இது! பாதி அடைப்பு உங்க நோயில வருது, மீதிப் பாதியை இந்தப் பாட்டில்தான் உண்டாக்குது. நெஞ்சு படபடப்பு இருக்கா? பிரஷர் ஏறியிருக்கு பாருங்க. நிறுத்தியாகணும்."

நிறுத்தும் வழியையும் சொன்னார். முதலில் வலது துவாரத்தில் நிறுத்த வேண்டும். அது திறந்த பிறகு இடது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்புக் கரைசல் கலந்து காலையும் மாலையும் மூக்கைக் கழுவ வேண்டும். வேறொரு ஸ்பிரே எழுதித் தந்தார். அது உடனே வேலை செய்யாது, வாரக் கணக்கில் விடாமல் அடித்தால்தான் மெல்லப் பிடிக்கும். தைல ஆவியே கூடாது. "நிறுத்தின புதுசுல முன்னைவிட மோசமா அடைக்கும். பயந்து திரும்பப் பாட்டிலை எடுத்தீங்கன்னா பழைய குருடிதான்" என்றார்.

"ஒரு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன் டாக்டர். அதை முடிச்சிட்டு நிறுத்துதேனே?"

"ஒவ்வொரு கல்யாணமா முடியட்டும்னு பாத்தா, உங்க ஊர்ல கல்யாணம் என்னைக்கு முடியும்?"

மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினாள் எப்சிபா.

அந்தக் கல்யாணம் ப்ரியதர்ஷினியின் கல்யாணம். ராயகிரிப் பெண். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிலிருந்து இவளிடம்தான் புருவம் திருத்திக்கொள்வாள். இப்போது கோயம்புத்தூரில் வேலை. "எப்சி அக்கா இல்லாம நான் மணமேடை ஏற மாட்டேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டாள். எப்சிபாவின் கையில் மிச்சமிருந்த ஒரே கல்யாணமும் அதுதான். இதிலும் ஏதாவது கோளாறானால் கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான், வேறு பேச்சே இல்லை.

சொட்டை நிறுத்தினாள். ஐயோ, அந்த நாட்களைச் சொல்லி மாளாது. படுத்தால் மூச்சு முட்டியது, எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிந்தது. வாயால் மூச்சு விட்டு விட்டுத் தொண்டை வறண்டு, பேச்சே கரகரத்தது. வலது துவாரம் ஒருவழியாக வழிக்கு வந்தது. இடதில் நிறுத்தியபோது கல்யாணத்துக்குக் கொஞ்ச நாளே இருந்தது. விஜயராஜால் பார்த்துச் சகிக்க முடியவில்லை. "ஏட்டி எப்சி, அந்த ஒரு நாளைக்கு மட்டும் விட்டுக்கோயேன். டாக்டரு வந்து எட்டிப் பாக்கப் போறாவளா?" என்றான்.

"ஒரு நாள்னுதான் நானும் ஆரம்பிச்சேன்" என்றாள் எப்சிபா.

கல்யாணத்தன்று விடியும்போது சங்கரன்கோவிலில் மலைப்பக்கத்துக் காற்று குளுகுளுவென்று அடித்தது. மூக்கைக் கழுவி, ஸ்பிரே அடித்து, வாயும் மூக்கும் மூடத் துணியைக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். மணப்பெண் அறையில் பெட்டியைத் திறந்தாள். பவுடர் டப்பாக்களுக்கு நடுவே புத்தம் புதிய சொட்டு மருந்துப் பாட்டில் ஒன்று இருந்தது. விஜயராஜ் வைத்த வேலை! இந்த மனுஷனின் பாசத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்ட?

பாட்டிலை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். மூடியைத் திருகியும் விட்டாள். இடது மூக்கு ஊசி நுழையாத அளவுக்கு அடைத்திருந்தது. இரண்டு சொட்டு விட்டால் போதும், மத்தியானம் வரைக்கும் கவலையில்லை. அந்த முதல் நாள் இழுத்த மூச்சு நினைவுக்கு வந்தது, கூடவே சுவரில் சாய்ந்து விடியவைத்த ராத்திரிகளும் வந்தன. அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து பட வேண்டுமா? "கர்த்தரே, என் கையைப் பிடியும்" என்று முணுமுணுத்து, மூடியை இறுகத் திருகி, பாட்டிலை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"ஏசியைக் கொஞ்சம் நிறுத்திக்கிடலாமாம்மா? எனக்குக் குளிர்காத்து ஆகாது" என்று பெண்ணின் அம்மா தேன்மொழியிடம் கேட்டாள். அப்படிக் கேட்பதே அவளுக்குப் புதுசு. இத்தனை வருஷத்தில் ஒரு வீட்டிலும் வாய் திறந்து கேட்டதில்லை. தேன்மொழி உடனே நிறுத்திவிட்டாள்.

ப்ரியதர்ஷினி முந்தின நாள் சாயங்காலம்தான் ஊர் வந்து சேர்ந்திருந்தாள். புருவமே இனிமேல்தான் திருத்த வேண்டும். எப்சிபா முகத்துணியைக் கழற்றி, நூலைப் பல்லில் கடித்து, வலப்புருவத்தில் தொடங்கினாள். ஒற்றைத் துவாரத்தில் மூச்சு சன்னமாக வந்து போனது. வலப்புருவம் வில்லாக வளைந்து முடிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மாப்பிள்ளையின் அம்மா கோமதித்தாய் முகூர்த்தச் சேலைத் தட்டோடு உள்ளே வந்தாள். அவள் பின்னால் இரண்டு பெண்கள், ஒருத்தி கையில் சாம்பிராணிப் புகை கட்டிக்கட்டியாகக் கிளம்பும் தூபக்கால்.

"தலைக்கு ஊத்துன ஈரம் அப்படியே நிக்கும். என் மருமவளுக்கு நானே புகை போடணும்னு நேந்துக்கிட்டேன்" என்று கோமதித்தாய் தூபக்காலை நாற்காலிக்குப் பின்னால் வைத்து, பெண்ணின் கூந்தலைப் பிரித்துப் புகையில் காட்டினாள். வந்தவள் போகவும் இல்லை, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

எப்சிபா தூபக்காலைப் பார்த்தாள். ஏசியை நிறுத்தச் சொல்லலாம். கல்யாண நாளில் மாப்பிள்ளை வீட்டு அம்மா வைத்த சாம்பிராணியை வெளியே எடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? நம் ஆட்களுக்கு மூச்சே நின்றாலும் சம்பந்தி வீட்டாரிடம் அப்படிச் சொல்ல வராது. அவளும் சொல்லவில்லை. சொல்லாததுதான் தப்பு. பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு இடப்புருவத்துக்குக் குனிந்தாள்.

இரண்டு இழுப்புக்கூட ஆகவில்லை. மூக்கின் உச்சியில் அந்தக் குறுகுறுப்பு தொடங்கிவிட்டது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பார்த்தாள், கண்ணை இறுக மூடிப் பார்த்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. விரலுக்கும் பெண்ணின் இமைக்கும் நடுவே நூல் விறைத்து நின்றது. இப்போது தும்மினால் தோல் பிய்ந்துவிடும். பல்லிலிருந்து நூலை உதறிவிட்டு, முழங்கைக்குள் முகத்தைப் புதைத்துச் சுவர்ப் பக்கமாகத் திரும்பினாள்.

"ஹச்!"

எப்சிபா முழங்கையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. அடுத்தது வரும், அதற்கடுத்தது வரும், வரிசையாகப் பன்னிரண்டும் வந்து தன் பிழைப்பை முடித்துவிட்டுத்தான் போகும் என்று தோள்கள் குறுகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

மூக்கு லேசாக நமநமத்து, அப்படியே அடங்கியது. அவளால் நம்ப முடியவில்லை. மெல்ல நிமிர்ந்தாள். வாரக் கணக்கில் விடாமல் அடித்த ஸ்பிரே, காலையும் மாலையும் கழுவிய கழுவல், இதோ வேலை செய்திருக்கிறது! ஒன்றோடு நின்றுவிட்டது! சந்தோஷத்தில் திரும்பியவள், எதிரே இருந்தவர்களின் முகத்தைப் பார்த்ததும் உறைந்துபோனாள்.

"இன்னொண்ணு போடுட்டி" என்றாள் கோமதித்தாய்.

"என்னம்மா?"

"ரெட்டையாத் தும்முனா நல்லது. ஒத்தைத் தும்மல் தடங்கல். தாலி கட்டுத அன்னைக்கு ஒத்தையா விட்டுட்டு நிக்கியே! இன்னொண்ணு போடு."

எல்லோரும் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இத்தனை வருஷமாகத் தும்மாதே என்று வெளியே அனுப்பிய உலகம், இன்றைக்கு இன்னொரு தும்மலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. என்ன கொடுமை இது!

"வரலையேம்மா" என்றாள் எப்சிபா.

கோமதித்தாய் எழுந்துவிட்டாள். "சரி, பெட்டியை எடுத்துக்கிட்டுக் கெளம்பு. எங்க வாசுதேவநல்லூர்ல இருந்து ஒரு பிள்ளையை வரச்சொல்லுதேன். வேற கை படட்டும்."

தேன்மொழி கையைப் பிசைந்தாள். எப்சிபாவைப் பார்த்து, பொய்யாகவாவது ஒன்று தும்மிவிடேன் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அதற்கு எவ்வளவு நேரமாகும்? தும்மலைப் பற்றி எப்சிபாவுக்குத் தெரியாததா? எவளும் கண்டுபிடிக்க முடியாதபடி ஒன்று போடலாம். கடையும் பிழைக்கும், பேரும் பிழைக்கும். வாயைக்கூடத் திறந்தாள். ஆனால் ஒளித்து ஒளித்து, குளியலறையிலும் மாடிப்படியிலும் முகத்தை மூடிக்கொண்டு ஓடிய ஓட்டமெல்லாம் ஒரே நேரத்தில் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

"அம்மா, ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்புங்க" என்றாள். "எனக்குச் சளி இல்ல, காச்சல் இல்ல. யாருக்கும் ஒட்டாது. என் மூக்குக்குப் புகையும் நெடியும் குளிரும் ஆகாது, அவ்வளவுதான். அதை வெளிய சொல்ல வெக்கப்பட்டு, வருசக் கணக்கா மருந்தை ஊத்தி ஊத்தி வேலை பாத்தேன். அந்த மருந்தே என்னைக் கெடுத்துட்டு. ஆரம்பிச்சா பன்னெண்டு தும்முவேன்மா, பதினஞ்சு தும்முவேன். இன்னைக்குத்தான் ஒண்ணோட நின்னிருக்கு. உங்களுக்கு இது தடங்கல். எனக்கு இம்புட்டு வருசத்துல நடந்த நல்ல காரியம் இது ஒண்ணுதான். இதுக்கு மேல ஒண்ணு பொய்யாப் போட எனக்கு மனசு வரல."

"உனக்கு நல்ல காரியம். என் மருமவளுக்கு?" என்றாள் கோமதித்தாய், வெட்டு ஒன்று துண்டு ரெண்டாக.

எப்சிபா குனிந்து பெட்டியில் சாமான்களை அடுக்கத் தொடங்கினாள்.

ப்ரியதர்ஷினி நாற்காலியோடு கோமதித்தாய் பக்கம் திரும்பினாள். வலப்புருவம் வில்லாக வளைந்து நிற்க, இடப்புருவம் முள்ளுக்காடாகக் கிடந்தது. பாதி முகம் கல்யாணப் பெண், மறுபாதி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள்.

"அத்தே, வாசுதேவநல்லூர்ல இருந்து ஆளு வந்து சேருததுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சிரும்" என்றாள். "ஒத்தைத் தும்மலுக்குப் பயந்து என்னை இப்படி ஒத்தைப் புருவத்தோட மேடையில ஏத்தப் போறியளா?"

தூபக்காலைக் கொண்டுவந்த பெண்தான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. கோமதித்தாய் மருமகளின் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். அவள் உதடும் கோணியது, அடக்கிக்கொண்டாள். "வாய் இருக்கு இவளுக்கு! என் மவன் பாடு திண்டாட்டம்தான்" என்றவள், எப்சிபா பக்கம் திரும்பினாள்.

"இந்தப் புகைதான் ஆகாதுன்னியா?"

"ஆமாம்மா."

"அதை வைக்கும்போதே சொல்லுததுக்கென்ன? கொழுக்கட்டையா வாயில?" என்று கடுகடுத்தபடி தூபக்காலைத் தன் கையாலேயே தூக்கினாள். ஜன்னலை ஒருத்தியைத் திறக்கச் சொன்னாள். கதவு வரைக்கும் போனவள் நின்றாள்.

"ஏட்டி, இன்னொரு தரம் வந்துச்சுன்னா அடக்கிக்கிட்டு நிக்காத. தள்ளிப் போயி நல்லாத் தும்மிட்டு வந்து வேலையைப் பாரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

"சரிம்மா" என்றாள் எப்சிபா.

தும்மல் வரவில்லை, அழுகைதான் வந்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை.